நட்ட காட்டில் பறவை வந்துவிட்டால் போதுமா?

ஒரு வாசகர் கேட்டிருந்த கேள்வி இது: “கலிஃபோர்னியாவில் அழிந்துபோன ஆற்றங்கரைக் காடுகளை மறுபடி நட்டு வளர்த்துவிட்டு, அங்கே வரும் பாடும் பறவைகளை வருடாவருடம் எண்ணுகிறார்கள் என்று படித்தேன். எதற்காகப் பறவையை எண்ண வேண்டும், எப்படி எண்ணுகிறார்கள், பறவை திரும்பி வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று சொல்லிவிடலாமா? எங்கள் ஊர் ஏரிக்கரையில் மரம் நட்டிருக்கிறோம், நாங்களும் இப்படிச் செய்ய முடியுமா?”

வேலை முடிந்ததா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியவில்லை. பறவை வருவது தொடக்கம்தான். வந்த பறவை கூடு கட்டுகிறதா, முட்டை பொரிகிறதா, குஞ்சு சிறகு முளைத்து வெளியே போகிறதா, இதையெல்லாம் பார்க்காமல் ‘காடு மீண்டுவிட்டது’ என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. சாக்ரமென்டோ ஆற்றோரம் சில வசந்த காலங்கள் தன்னார்வலராக எண்ணிக்கைக்குப் போயிருக்கிறேன், அங்கே பார்த்ததையும் மற்றவர்களிடம் கற்றதையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். கலிஃபோர்னியாவின் நடுவில் ஒரு நீளமான பள்ளத்தாக்கு இருக்கிறது, வடக்கிலிருந்து சாக்ரமென்டோ ஆறும் தெற்கிலிருந்து சான் வாகீன் ஆறும் ஓடி வந்து கழிமுகத்தில் சேர்கின்றன. ஒரு காலத்தில் இந்த ஆறுகளின் இரண்டு கரையிலும் மைல் கணக்கில் அகலமாகக் காடு இருந்தது, காட்டன்வுட், வில்லோ, பள்ளத்தாக்கு ஓக் மரங்கள், அடியில் முள்ளும் புதரும். தங்க வேட்டைக்காலத்தில் நீராவிப் படகுகளுக்கு விறகாக வெட்டியது போக மீதியை விவசாயம் எடுத்துக்கொண்டது. அப்புறம் அணைகள் வந்தன: சான் வாகீனில் ஃப்ரையன்ட் 1942, சாக்ரமென்டோவில் ஷாஸ்டா 1945. வெள்ளம் கட்டுக்குள் வந்ததும் கரை வரைக்கும் வால்நட், பாதாம், ப்ளம் தோட்டங்கள். இன்று அந்தப் பழைய காட்டில் எஞ்சியிருப்பது சுமார் 5 சதவீதம்தான். 1980-களின் கடைசியிலிருந்து, வெள்ளத்தில் அடிக்கடி மூழ்கும் தோட்டங்களை வாங்கி, மண்ணைத் திருத்தி, நாட்டு மரங்களை நட்டு, முதல் மூன்று வருடம் தண்ணீர் விட்டு வளர்த்து வருகிறார்கள்.

சரி, ஏன் பறவை? மரம் எத்தனை பிழைத்தது என்று எண்ணினாலே போதாதா என்று கேட்கலாம். மரத்தை எண்ணினால் மரம் இருப்பது மட்டும் தெரியும், காடாக இருக்கிறதா என்பது தெரியாது. பாடும் பறவைகள் ஒவ்வொன்றும் காட்டின் ஒவ்வொரு அடுக்கைப் பிடித்துக்கொண்டு வாழ்கின்றன. ஸ்பாட்டட் டோஹி தரையில் உதிர்ந்த இலைகளை, நம் வீட்டுக் கோழி குப்பையைக் கிளறுவதுபோல இரண்டு காலாலும் பின்னுக்குத் தள்ளிக் கிளறும். சாங் ஸ்பேரோவுக்குத் தண்ணீரோரப் புதர் வேண்டும். பிளாக்-ஹெடட் குரோஸ்பீக் நடுத்தர உயரக் கிளைகளில் கூடு வைக்கும், புல்லக்ஸ் ஓரியோல் உச்சிக் கிளையில் பை பின்னித் தொங்கவிடும். ஆக, ஒரு காலையில் எந்தெந்தப் பறவை பாடியது என்ற பட்டியலைப் பார்த்தாலே அந்த இடத்தில் எந்த அடுக்கு வளர்ந்திருக்கிறது, எது இன்னும் இல்லை என்று சொல்லிவிடலாம். அதோடு, பறவை தன் எல்லையைப் பாடி அறிவிக்கிறது. கண்ணில் படாத புதருக்குள் இருப்பதையும் காதால் எண்ணிவிடலாம் என்பதால் செலவும் குறைவு.

எண்ணும் முறைக்குப் பாயின்ட் கவுன்ட் என்று பெயர், நாம் ‘புள்ளிக் கணக்கு’ என்று வைத்துக்கொள்வோம். காட்டுக்குள் 200 மீட்டர் இடைவெளியில் புள்ளிகள் குறித்துவிடுவார்கள். சூரியன் உதித்ததிலிருந்து நாலு மணி நேரத்துக்குள், ஒவ்வொரு புள்ளியிலும் சரியாக 5 நிமிடம் நின்று, பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் 50 மீட்டருக்கு உள்ளே, வெளியே என்று பிரித்து எழுத வேண்டும். ஒரே புள்ளிக்கு அதே பருவத்தில் இரண்டு மூன்று தடவை போவார்கள். கேட்க எளிது. மே மாதம் ஒரு காலையில் போய் நின்று பாருங்கள்: கால்சட்டை முட்டி வரை பனியில் நனைந்திருக்கும், எட்டுப் பத்துப் பறவை ஒரே நேரத்தில் பாடும், இடது பக்கம் பாடியதும் அரை நிமிடம் கழித்து முன்னால் பாடியதும் ஒரே பறவையா இரண்டா என்று அந்த நொடியே தீர்மானித்து எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் எழுதக் கூடாது. முதல் வருடம் எனக்கு அருகில் நின்ற அனுபவசாலி கேட்டதில் பாதிகூட என் காதில் விழவில்லை, பாட்டுகளைப் பதிவில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்த பிறகுதான் என் தாளும் அவர் தாளும் ஒத்துப்போக ஆரம்பித்தன. இதனால்தான் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் எண்ணப்போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆள் மாறியதால் வந்த வித்தியாசத்தைப் பறவை குறைந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது.

இதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. நட்டு ஒரு வருடம் ஆன இடம் திறந்த வெளி, கன்று இடுப்பளவு, 50 மீட்டருக்குள் எது அசைந்தாலும் தெரியும். அதே இடம் ஏழு வருடத்தில் இலை அடைந்து பத்தடி தள்ளி இருப்பதே மறைந்துவிடும். பறவை கூடியிருந்தாலும் கண்ணில் படுவது குறையலாம். அதனால் வெறும் எண்ணிக்கையை வருடத்துக்கு வருடம் ஒப்பிட்டால் காடு வளர வளரப் பறவை குறைந்தது போலத் தோன்றிவிடும். ஒவ்வொரு பறவையும் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று எழுதி வைத்தால்தான், எவ்வளவைத் தவறவிட்டிருப்போம் என்று பின்னால் கணக்குப் போட்டுத் திருத்த முடியும். தூரம் எழுதாத பழைய தாள்களை வைத்துக்கொண்டு அப்படித் திருத்தவே முடியாது, அந்த வருடங்கள் போனதுதான்.

இன்னொன்று, ஒப்பிட ஓர் இடம் வேண்டும். நட்ட காட்டை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பறவை கூடியது காட்டினாலா, அல்லது அந்த வட்டாரம் முழுக்கவே நல்ல மழை பெய்ததாலா என்று தெரியாது. சாக்ரமென்டோவில் இதைச் சரியாகச் செய்தார்கள். பாயின்ட் ரேயஸ் பறவை ஆய்வகம் (1965-இல் தொடங்கியது, 2013-இல் பாயின்ட் ப்ளூ என்று பெயர் மாறியது) 1993 முதல் 2003 வரை, நட்ட இடங்களையும் எஞ்சிய பழைய காட்டுத் துண்டுகளையும் சேர்த்தே எண்ணியது. 20 இனங்களை எடுத்துப் பார்த்ததில் 11 பெருகியிருந்தன, 8 அப்படியே இருந்தன, ஒன்றே ஒன்று, லாசூலி பன்டிங் என்ற நீலச் சிட்டு, குறைந்திருந்தது. நட்ட இடங்களில் பல இனங்கள் பழைய காட்டைவிட வேகமாகப் பெருகின, ஆனால் எண்ணிக்கையில் பழைய காட்டை எட்டவில்லை. பத்து வருடக் காட்டை நூறு வருடக் காட்டோடு நிறுத்தினால் வேறு எப்படி இருக்கும்? மரங்கொத்தி துளை போட வயதான மரம் வேண்டும், அந்தத் துளையில் பிறகு குடியேறும் சின்னப் பறவைகளுக்கு மரங்கொத்தி வேண்டும். இதற்கெல்லாம் குறுக்குவழி கிடையாது. ஆனால் பழைய காட்டின் எண் பக்கத்தில் இருந்ததால்தான் இந்த இடைவெளியே கண்ணுக்குத் தெரிந்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் ‘பறவைகள் பெருகிவிட்டன’ என்ற பாதி உண்மையோடு எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்போம்.

இப்போது அந்த லாசூலி பன்டிங்குக்கு வருகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்ததே இதுதான். இந்தக் குருவி இளம் புதர்க்காட்டை விரும்பி வரும், ஆண் குருவி செடி உச்சியில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பாடும். ஒரு வருடப் புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்தால் அது ஒரு நல்ல எண்ணாகத்தான் விழும், பத்து வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் குறைவது தெரியும். கூடுகளைத் தேடிப் பின்தொடர்ந்தபோதுதான் இனப்பெருக்கம் மோசமாக இருப்பது தெரிந்தது. பாட்டு இருக்கிறது, குஞ்சு இல்லை. இப்படி ஓர் இடம் வெளியிலிருந்து பறவைகளை இழுத்து வைத்துக்கொண்டே இருக்கும், ஆனால் ஒன்றையும் திருப்பித் தராது. 1983-லேயே வான் ஹார்ன் என்ற சூழலியலாளர், ஓர் இடத்தில் விலங்கு நெருக்கமாக இருக்கிறது என்பதை வைத்து அந்த இடம் நல்லது என்று முடிவுகட்டக் கூடாது என்று எழுதியிருக்கிறார். நாற்பது வருடம் ஆகியும் ‘மரம் நட்டோம், பறவை வந்தது’ என்ற அளவிலேயே பல அறிக்கைகள் நின்றுவிடுகின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கூடு ஏன் தோற்கிறது? பாம்பு, எலி, ரக்கூன், காக்கைக்கு உறவான ஜே பறவை எல்லாம் எப்போதும் உண்டு. இங்கே கூடுதலாக கௌபேர்ட் என்ற பறவை. நம் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் அல்லவா, அதே வேலையை இது 200-க்கும் மேற்பட்ட இனங்களின் கூடுகளில் செய்கிறது. காக்கை பெரிய பறவை, ஒரு குயில் குஞ்சை வளர்த்தாலும் தாங்கும். பத்து கிராம்கூட இல்லாத விரியோ என்ற குட்டிக் குருவியின் கூட்டில் கௌபேர்ட் குஞ்சு முதலில் பொரிந்து வாயைத் திறந்தால், சொந்தக் குஞ்சுக்கு இரை எட்டவே எட்டாது. கௌபேர்ட் மேய்வது மாட்டுப் பட்டியிலும் பால் பண்ணையிலும், முட்டையிடப் பறந்து வருவது சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காட்டுக்கு. எனவே நட்ட காடு எவ்வளவு நன்றாக வளர்ந்திருந்தாலும், சுற்றிலும் என்ன இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

கூட்டைக் கண்காணிப்பது பொறுமையான வேலை. வாயில் புல்லோ புழுவோ கவ்விக்கொண்டு போகும் பறவையைப் பார்த்துக்கொண்டே இருந்து கூட்டைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். போன வழியில் திரும்பக் கூடாது, கூட்டோடு முடியும் பாதை விழுந்துவிட்டால் வேட்டையாடும் பிராணி அதே பாதையில் வரும். பக்கத்தில் ஜே இருந்தால் நிற்காமல் கடந்து போய்விட வேண்டும்.

கணக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கண்டுபிடித்த கூடுகளில் எத்தனை ஜெயித்தன என்று நேராக வகுத்தால் எண் பொய்யாக உயரும், ஏனென்றால் முதல் இரண்டு நாளில் அழிந்த கூடு நம் கண்ணிலேயே படாது. மேஃபீல்ட் என்பவர் 1961-இல் இதற்கு ஒரு வழி சொன்னார்: கூடு ஒரு நாளைக் கடந்து பிழைக்கும் வாய்ப்பை எடுத்து, அதை மொத்த நாட்களுக்கும் பெருக்கிக்கொண்டே போவது. எடுத்துக்காட்டுக்கு, முட்டையிலிருந்து பறப்பது வரை 26 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 96 சதவீதம் பிழைத்தால் கடைசியில் நூற்றுக்குச் சுமார் 35 கூடு ஜெயிக்கும். தினம் 95 என்றால் 26-தான். ஒரு நாளுக்கு ஒரே ஒரு சதவீதம் குறைந்ததற்கு இவ்வளவு வித்தியாசம்.

மூன்றாவது வழி வலை. மிஸ்ட் நெட் என்று பெயர், 12 மீட்டர் நீளம், தலைமுடி போன்ற நூல், விடியலில் புதர்களுக்கு நடுவே கட்டினால் பறவைக்குத் தெரியாது. மேப்ஸ் என்ற திட்டம் 1989-இல் தொடங்கியது. அதில் வட அமெரிக்கா முழுவதும் ஒரே மாதிரியாக, கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை, சுமார் பத்து வலை, ஆறு மணி நேரம் என்று பிடிக்கிறார்கள். பிடித்த பறவையைத் துணிப்பையில் போட்டு மேசைக்குக் கொண்டுவந்து, காலில் ஒன்பது இலக்க எண் உள்ள அலுமினிய வளையம் மாட்டி, சிறகை அளந்து, எடை பார்த்து விட்டுவிடுவார்கள். என்னால் மறக்க முடியாதது ஒன்று: பறவையை இரண்டு விரலுக்கு நடுவே கழுத்தைப் பிடித்து மல்லாக்க வைத்து, வயிற்று இறகின் மேல் மெல்ல ஊதுவார்கள். இறகு விலகும். அடைகாக்கும் பெண் பறவை என்றால் அடியில் இறகே இருக்காது, தோல் சிவந்து, சற்று நீர் கோத்து, ரத்தக் குழாய் தெரியும். முட்டைக்குச் சூடு நேராகப் போக உடம்பு தானே இறகை உதிர்த்துக்கொள்கிறது. அப்படி ஒரு வயிற்றைப் பார்த்துவிட்டால் பக்கத்தில் எங்கோ கூடு இருக்கிறது என்று அர்த்தம். அதேபோலத் தலையிறகை நனைத்து விலக்கிப் பார்த்தால் மண்டையோடு முழுதாகக் கெட்டிப்பட்டிருக்கிறதா என்று தெரியும், படவில்லையென்றால் இந்த வருடக் குஞ்சு. வளர்ந்த பறவைக்கு எத்தனை குஞ்சு வலையில் விழுகிறது என்ற விகிதமும், போன வருட வளையத்தோடு திரும்பி வந்தவை எத்தனை என்பதும்தான் வலையிலிருந்து கிடைக்கும் மதிப்புள்ள தகவல். வெயில் ஏறினால் வலையைச் சுருட்டிவிட வேண்டும். அரை மணிக்கொரு தடவை சுற்றிப் பார்க்க ஆள் இல்லையென்றால் வலை கட்டவே கூடாது, இதில் சமரசம் கிடையாது.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது என்றால், சான் வாகீன் ஆற்று வனவிலங்குச் சரணாலயத்தைச் சொல்வேன். மொடெஸ்டோ நகருக்கு மேற்கே இருக்கிறது. ரிவர் பார்ட்னர்ஸ் என்ற அமைப்பு அங்கே 2002 வாக்கில் பெரிய அளவில் நடத் தொடங்கியது. 2005 கோடையில், மூன்றே வயதான ஒரு நடவில், லீஸ்ட் பெல்ஸ் விரியோ கூடு கட்டியிருப்பதைக் கண்டார்கள். இந்தச் சாம்பல் நிறக் குருவி ஒரு காலத்தில் பள்ளத்தாக்கு முழுக்கச் சாதாரணமாக இருந்தது. காடு போனது, கௌபேர்ட் வந்தது, 1986-இல் அமெரிக்க மத்திய அரசின் அழியும் இனப் பட்டியலில் சேர்த்தபோது தெற்குக் கலிஃபோர்னியாவில் 300 ஜோடி அளவில்தான் எஞ்சியிருந்தன. நடுப் பள்ளத்தாக்கில் 50 வருடத்துக்கும் மேலாக ஒரு கூடுகூடப் பதிவாகவில்லை. அதன் பாட்டு, ஒரு வரி கேள்வி கேட்பதுபோல மேலே ஏறி முடியும், அடுத்த வரி பதில் சொல்வதுபோல இறங்கி முடியும். அந்தப் பாட்டுதான் நட்டு மூன்றே வருடமான வில்லோக்களுக்கு நடுவிலிருந்து வந்தது.

மரத்துக்கு வயது மூன்று என்பதைக் கவனியுங்கள். விரியோவுக்கு உயர்ந்த மரம் தேவைப்படவில்லை, தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவில் கவட்டையில் கிண்ணம் போலக் கூட்டைத் தொங்கவிட, அடர்த்தியான தாழ்ந்த செடி தேவைப்பட்டது. அங்கே வில்லோவுக்கு அடியில் மக்வொர்ட் மண்டியிருந்தது, நம் மரிக்கொழுந்துக்கு உறவான செடி. ஆரம்பக் கால நடவுகளில் மரங்கள்தான் பிரதானம், பழத்தோட்டம் போல வரிசையாக. பறவைகளின் கணக்கு வந்த பிறகு அடிச்செடிகளுக்கும் புதர்களுக்கும் இடம் கூடியது. எண்ணிய எண் நடும் முறையையே மாற்றியது என்பதைவிட இந்த வேலைக்கு வேறு நியாயம் எனக்குத் தேவையில்லை. ஆனால் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும்: 2005-லும் 2006-லும் அந்த ஜோடி குஞ்சு பொரித்து வளர்த்தது, 2007-இல் துணையில்லாத ஒரு பெண் பறவை மட்டும் இருந்தது, குஞ்சு இல்லை. ஒரு ஜோடி வந்ததை வைத்து இனம் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. இதைச் சொல்ல முடிந்ததே மூன்றாம் வருடமும் போய்ப் பார்த்ததால்தான். பெரும்பாலான பணம் நடும் வேலையோடு சேர்ந்து மூன்று வருடத்துக்குத்தான் வருகிறது, சரியாகக் காடு மாற ஆரம்பிக்கும்போது எண்ணுவது நின்றுவிடுகிறது. இது மாற வேண்டும்.

உங்கள் ஏரிக்கரைக்கு வருகிறேன். வலையை மறந்துவிடுங்கள், இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டப்படி அனுமதி இல்லாமல் பறவையைப் பிடிக்கக் கூடாது, பயிற்சியும் வேண்டும். புள்ளிக் கணக்குக்கு அந்த அனுமதி தேவையில்லை. நட்ட இடத்தில் ஐந்தாறு புள்ளி, நடாத பழைய கருவேலங்காட்டிலோ தோப்பிலோ ஐந்தாறு புள்ளி, இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே ஆட்கள் எண்ணுங்கள். தூரத்தை எழுதுங்கள். பதிவை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றிவிட்டால் தாள் தொலைந்தாலும் கணக்கு இருக்கும். 2015-இலிருந்து நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்தவர்கள் யாராவது உங்கள் பக்கம் இருப்பார்கள், காதைப் பழக்க அவர்களோடு நாலு காலை நடந்தால் போதும். தையல்சிட்டு, கதிர்க்குருவி, சின்னான், குண்டுக்கரிச்சான் இந்த நாலின் பாட்டும் குரலும் தெரிந்தாலே தொடங்கிவிடலாம்.

கூட்டைத் தேடிப் போகாதீர்கள், காக்கை உங்களைப் பின்தொடரும். அதற்குப் பதிலாக, வாயில் இரையோடு ஒரே பக்கம் திரும்பத் திரும்பப் போகும் பறவை, வாலும் வளராமல் வாயோரம் மஞ்சள் மாறாமல் தாய்க்குப் பின்னால் தத்தும் குஞ்சு, இந்த இரண்டையும் பார்த்தால் தனிப் பத்தியில் தேதியோடு எழுதுங்கள். இன்னும் நடாத துண்டு ஏதாவது பாக்கி இருந்தால், அங்கே குழி தோண்டுவதற்கு முன்னால் இந்த வருடமே ஒரு சுற்று எண்ணிவிடுங்கள், நட்ட பிறகு அந்தக் கணக்கு எங்கு தேடினாலும் கிடைக்காது.